வரிசையில் குதித்த பெயர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே அனல். ஆபீஸ் ஏ.சி. போன வாரமே படுத்துவிட்டது. மெக்கானிக் நான்காவது நாளாக "நாளைக்கு வரேன்". பெரம்பலூரில் செல்போன் கடைக்கு மேல்மாடி, தகரக் கூரை. நாங்கள் நான்கு பேர், ஃபேன் இரண்டு.

நாளை அரியலூரில் ஆப் வைக்க வேண்டும். தனியார் டயாலிசிஸ் சென்டர். எட்டு மெஷின். நோயாளி வந்தது, எடை, பிரஷர் எல்லாம் இனி நோட்டில் இல்லை, டேப்லெட்டில். புரோகிராம் கோடு முழுக்க எழுதியது பிரபு. திரை முழுக்க நான்: எந்தப் பட்டன் எங்கே, என்ன நிறம், எது எப்படி அசையும்.

கடைசியாகச் சரிபார்த்தவை:
- முதல் திரையில் துடிக்கும் இதயம்
- எதைச் சேமித்தாலும் பச்சை டிக். பேனாவால் வரைவதுபோல. ஒன்றரை செகண்ட்
- உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாக நிரம்பும் குடுவை
- பட்டியல்: புதிதாக ஒருவர் வந்தால் அவர் பெயர் மேலே ஏறும், மற்றவர்கள் மெல்ல ஒரு படி கீழே நகர்வார்கள்

டிக்குக்கு மட்டும் ஒன்பது நாள். முதலாளி ஜப்பார் பாய் அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார். துபாயில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்த மாதிரித் திரையை தன்னைப்போல லப்பைக்குடிகாட்டுக்காரன் ஒருத்தன் பெரம்பலூரில் இருந்து செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. "இதைப் பார்த்துத்தாம்மா அரியலூர் மேனேஜரே ஒத்துக்கிட்டாரு" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். எழுதி வைக்கிறேன், பொய் எதற்கு.

கழுத்து வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தே காலுக்கு பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. புடவை முந்தானை வெள்ளை.

சென்டரில் செல்வராணி சிஸ்டர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். எட்டுப் படுக்கைக்கும் அவரும் ஒரு டெக்னீஷியனும் மட்டும். வந்தவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும். போன தடவை முடிந்து போனபோது இருந்த எடையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அத்தனை லிட்டர் தண்ணீர் உடம்பில். அதைத்தான் டயாலிசிஸ் மெஷின் எடுக்கும். பிறகு அரை மணிக்கொரு முறை ஒவ்வொருவருக்கும் பிரஷர்.

நான் மூலையில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் டிக்குக்குச் சிரித்தார். ஐந்தாவது டிக்குக்கு டேப்லெட் ஓரத்தில் விரலால் தட்டினார். இருபதாவதில் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது டிக்கு வரஞ்சு முடிக்கறதுக்குள்ள நான் அடுத்த பெட்டுக்குப் போயிருவேன். வேலை செய்யறது நானா, அதுவா?"

எண்ணினேன். ஒரு ஷிஃப்டில் எழுபதுக்கு மேல். ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட். ஒருமுறை பார்ப்பவருக்கு அது வேடிக்கை. நூற்று நாற்பது முறை பார்ப்பவருக்கு அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் மாடு. ஆபீஸில் உட்கார்ந்து ஒன்பது நாள் வரைந்தவளுக்கு இது ஏன் தோன்றவில்லை?

மூன்றாம் படுக்கையில் தனபாக்கியம் அம்மா. திருமானூர். ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருஷம் எடை போட்டவராம். என்னைக் கூப்பிட்டு எந்த ஊர், புருஷன் என்ன வேலை, பிள்ளை எத்தனை என்று முறையாக விசாரித்தார். பிள்ளை இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். அதற்காகவே பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம். என் ஸ்டாப்பைத் தாண்டி துறைமங்கலம் வரை போய் இறங்கி ஆட்டோ.

ஜூலை 9, புதன்

பாயிடம் சொன்னேன், அசைவைக் குறைக்க வேண்டும் என்று. பட்டனை அமுக்கினால் அமுங்கினது தெரிந்தால் போதும், டிக் சட்டென்று வரட்டும், இதயம் எதற்கு.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மேனேஜர் கேட்டது இதயம்தானாம். ஒரு மாசம் ஓடட்டும், பழகிடுவாங்க என்றார். பழகிடுவாங்க என்பது எங்கள் தொழிலில் நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

பிரபு குறுக்கே வந்தான். அந்த டேப்லெட்டில் மெமரி கம்மி, இதயம் துடிக்கத் துடிக்க மற்றதெல்லாம் திணறுகிறது என்றான். பாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டார்.

கேஸ் புக் பண்ணணும். தைலம். அம்மாவுக்கு போன்.

வீட்டில் இவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். சிமெண்ட் ஆலை லேபில் வேலை. நான் வரும்போது அவர் கிளம்புகிறார், அவர் வரும்போது நான். கேட்டில் சாவி கைமாறுகிறது. இன்று "சாம்பார் இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 10, வியாழன்

பத்து மணிக்கு சிஸ்டர் போன். குரலில் கோபம், பின்னால் யாரோ அழுவது கேட்டது.

விக்கிரமங்கலத்தில் இருந்து கோவிந்தசாமி என்று ஒருவர் வருகிறார், பருத்தி விவசாயி, அவர் மனைவி கூடவே. சிஸ்டர் டேப்லெட்டை அவர் கட்டில் ஓரத்தில் வைத்திருக்கிறார். நெட் விட்டுப்போய் திரை உறைந்துவிட்டது. துடித்துக்கொண்டிருந்த இதயம் நின்றுவிட்டது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு நின்னுபோச்சு என்று கத்தி, வார்டே எழுந்துவிட்டது. அவர் பாட்டுக்குப் படுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

சிஸ்டர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இதெல்லாம் இங்க வேணாம் மேடம். எடுத்துருங்க. ஒண்ணுமே அசைய வேணாம்."

பிரபுவின் கோடில் எல்லா அசைவின் நேரத்தையும் பெருக்குகிற ஒரு எண் ஒரே இடத்தில் இருக்கிறது. அதைப் பூஜ்யம் ஆக்கினால் எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்க இரண்டு நாள் ஆகும். பூஜ்யம் ஆக்க ஒரு நிமிஷம். கழுத்து வேறு.

பூஜ்யம் ஆக்கினேன். பாயிடம் கேட்கவில்லை. பன்னிரண்டுக்கு முன்னால் புது ஆப் டேப்லெட்டுக்குப் போய்விட்டது.

மத்தியானம் தயிர்சாதம். நிம்மதி.

ஜூலை 11, வெள்ளி

சிஸ்டரிடமிருந்து மெசேஜ்: "இப்ப சூப்பர் மேடம். டக்கு டக்குனு போவுது."

பாய் பேசவில்லை. திங்கள் வரை பேச மாட்டார் போல. ஏ.சி. மெக்கானிக் வந்தான், பார்த்தான், பார்ட்ஸ் இல்லை என்று போய்விட்டான்.

சாயங்காலம் காற்று. மொட்டைமாடியில் காயப்போட்ட துணி அடுத்த வீட்டில்.

ஜூலை 15, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பதினொன்றரைக்கு சென்டர் மேனேஜர் பாய்க்கு போன் பண்ணினார். தனபாக்கியம் அம்மாவுக்கு டயாலிசிஸ் பாதியில் கால் இழுத்துக்கொண்டு, பிரஷர் இறங்கி, நினைவு தப்பியிருக்கிறது. மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றி, கால் மணி கழித்துக் கண் திறந்தாராம். இப்போது பரவாயில்லை. இன்று அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள்.

காரணம்: அளவுக்கு மேல் தண்ணீர் எடுத்துவிட்டார்கள். அவருக்கு எடுக்க வேண்டியது ஒன்றரை லிட்டர். டேப்லெட்டில் அறுபது கிலோ இருநூறு கிராம் என்று எடை பதிவாகியிருக்கிறது. அது அவர் எடையே இல்லை. கணக்குப்படி மூன்று லிட்டருக்கு மேல் வந்திருக்கிறது. டெக்னீஷியன் அதையே மெஷினில் வைத்துவிட்டார்.

அந்த அம்மா சொல்லியிருக்கிறார். "இன்னிக்கு ஒண்ணரைதாம்ப்பா ஏறியிருக்கு." டெக்னீஷியன் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "இதுல மூணு காட்டுதும்மா" என்றிருக்கிறார். அந்த அம்மா ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறார்.

சிஸ்டர் எடையைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று மேனேஜர். பாய் போனை வைத்துவிட்டு "நம்ம மேல இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எல்லாரும் வேலைக்குத் திரும்பினோம். எனக்கு ஓடவில்லை.

பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ளவர், ஒருவர் எடையை இன்னொருவருக்குப் போடுவாரா?

ஜூலை 16, புதன்

ஏழரைக்கே ஆபீஸ். பிரபுவை வரச் சொன்னேன். டேப்லெட்டில் எந்த நேரம் எங்கே விரல் பட்டது என்று பதிவு இருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

நடந்தது இது. நேற்றுக் காலை தனபாக்கியம் அம்மாவின் எடை சரியாகவே பதிவாகியிருக்கிறது, ஐம்பத்தெட்டரை. பட்டியலில் அவர் பெயருக்கு நேர் கீழே கோவிந்தசாமி. சிஸ்டர் அடுத்து அவரை ஏற்றி எடை பார்த்திருக்கிறார்: அறுபது கிலோ இருநூறு. அவர் பெயரைத் தொட விரல் போகிறது. அதே நொடியில் ரிசப்ஷனில் வேறொருவர் வந்ததாகப் பதிகிறார்கள். புதுப் பெயர் மேலே வருகிறது, எல்லாரும் ஒரு படி கீழே. கோவிந்தசாமி இருந்த இடத்தில் இப்போது தனபாக்கியம். விரல் அங்கே படுகிறது.

எடைத் திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி. மேலே பெயர், சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில். அழகாக இருக்கிறது என்று நான்தான் அப்படி வைத்தேன். சிஸ்டர் எடையைப் போட்டுவிட்டார், முன்பு போட்டது அழிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கோவிந்தசாமிக்கு எடை காலி. சேவ் ஆகவில்லை போல என்று நினைத்து மறுபடி போட்டிருக்கிறார். அவருக்கும் சரியாகிவிட்டது. யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை.

போன வியாழன் வரை பெயர்கள் நகர்ந்தன. அரை செகண்டுக்கும் குறைவு. ஆனால் நகர்வது கண்ணுக்குத் தெரியும், விரல் தானாக நிற்கும். அது மட்டுமில்லை. பெயர்கள் நகரும்போது தொட்டால் ஏற்காதபடி பிரபு எழுதியிருந்தான். நகரும் நேரம் பூஜ்யம் என்றால் அந்தக் காவலும் பூஜ்யம்.

பிரபு சொன்னான், மெதுவாக, "அக்கா, அந்த ஒண்ணை மட்டும் விட்டிருக்கலாம்."

அந்த ஒன்றை மட்டும். நான்கு அசைவில் மூன்று வெறும் ஜோடனை. நான்காவதுதான் உண்மையில் ஒரு சேதியைச் சொன்னது: நீ பார்த்த ஆள் இங்கே இல்லை, அங்கே போய்விட்டார். பிரித்துப் பார்க்க அலுப்புப்பட்டு நான்கையும் ஒரே கையால் அள்ளிப் போட்டேன்.

சாப்பிடவில்லை. இவர் கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று, புழுதி. ஜன்னலைத் திறக்க முடியவில்லை, மூடினால் வெந்துபோகிறது.

செல்வராணி சிஸ்டருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். ஏழு நாளில் பதில். அதுவரை வார்டில் வேலை இல்லை, ஸ்டோரில் பஞ்சு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவையும் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, இதை வெளியே சொன்னால் சென்டர் போய்விடும், அதைப் பார்த்து வர இருந்த இரண்டு ஆஸ்பத்திரியும் போய்விடும், நாலு குடும்பம் என்றார். ஆப்பை இன்றைக்கே சரி பண்ணி அனுப்பிடு, அந்த சிஸ்டருக்கு நான் வேற விதத்தில் பார்த்துக்கிறேன் என்றார்.

வேற விதம் என்றால் என்ன பாய் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

என் சீட்டுக்கு வந்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். தமிழில்தான். எந்தத் தேதியில் எதை மாற்றினேன், ஏன், அதனால் என்ன நடந்தது. ஒரு பக்கம். பிரிண்ட் எடுத்து பாய் மேஜையில் வைத்தேன். நீங்கள் அனுப்பாவிட்டால் நான் என் பெயரில் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று சொன்னேன். ஒன்பது வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

அவர் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று வர. வந்து கடிதத்தை எடுத்து நின்றபடியே படித்தார். பேனாவால் ஒரே ஒரு சொல்லை அடித்தார். "என் தவறு" என்று நான் எழுதிய இடத்தில் "எங்கள் தவறு". கீழே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு ஜும்மாவுக்கு முன்னாடி போய்ட்டு வந்துருவோம்" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

பாயின் காரில். ஒரு லாரி அரை மணி நேரம் முன்னால் ஊர்ந்தது. அவர் ஹாரன் கூட அடிக்கவில்லை.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பதிவைக் காட்டினோம். முதலில் கோபம், பிறகு பயம், பிறகு யாருக்கோ போன். கடைசியில்: மெமோ வாபஸ். இரண்டு வாரம் நோட்டும் டேப்லெட்டும் சேர்ந்தே ஓடும், நோட்டில் உள்ளதைத்தான் மெஷினில் வைப்பார்கள். பிறகு ஆப்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு. பாய் தலையாட்டினார். அவருக்கு வியர்த்திருந்தது, அந்த ரூமில் ஏ.சி. ஓடியும்.

சிஸ்டரை ஸ்டோரில் பார்த்தேன். மெமோ இல்லை என்று அதற்குள் தெரிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையில் இருந்த பஞ்சுக் கட்டை வைக்கவில்லை.

"மூணு நாளா என் கைதான் தப்புன்னு நானே நம்பிட்டேன் மேடம். கண்ணு மங்கிப்போச்சோ, வேலையை விட்டுரணுமோன்னு. எங்க வூட்ல சொல்லவே இல்ல."

சரி மேடம், டூட்டி இருக்கு என்று கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "ஒண்ணுமே அசைய வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். நீங்கள் சொன்னதை அப்படியே செய்வது அல்ல என் வேலை, நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பார்ப்பது என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எனக்கே பாதி இப்போதுதான் புரிகிறது.

ஜூலை 20, ஞாயிறு

தண்ணீர் வரவில்லை. பதினொன்று வரை லாரிக்குக் காத்திருந்தேன்.

பிறகு வேலை. ஒவ்வொன்றாக. ஒரே கேள்விதான் கேட்டேன்: இது நகராவிட்டால் யாராவது எதையாவது தவறவிடுவார்களா?

டிக் – இல்லை. நிறம் மாறினால் போதும்.
இதயம் – இல்லவே இல்லை.
குடுவை – இல்லை. எண் போதும், பெரிதாக.
பட்டியல் – ஆம். பெயர்கள் நகரட்டும், நகரும்போது தொடுதல் ஏற்காது. விரல் திரையில் பட்டிருக்கும்போது பட்டியல் நகரவே கூடாது, புதிதாக வந்தவர் பெயர் கீழே காத்திருக்கட்டும். இது பிரபு சொன்னது.
எடைத் திரை – தொட்ட பெயர் அங்கிருந்தே பெரிதாகி மேலே போய் உட்காரட்டும். யாரைத் தொட்டோம் என்று கண் கூடவே போகும். செகண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை. பெயர் கறுப்பில், பெரிய எழுத்தில். போன தடவை எடையும் பக்கத்தில்.

இவருக்கு இன்று லீவு. சோபாவில் படுத்திருந்தவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, கோவிந்தசாமியைத் தொடுங்கள் என்று சொல்லிவிட்டு, என் போனில் இருந்து வேறு பெயர்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தேன். பழையதில் பத்துக்கு மூன்று முறை வேறு ஆளைத் தொட்டார். புதியதில் ஒருமுறை கூட இல்லை. எதற்கு இது என்று கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக அவரிடம் முழுவதும் சொன்னேன். அழுதேன் கொஞ்சம். அவர் எழுந்துபோய்ப் புதுத் தைலத்தை எடுத்துவந்து கழுத்தில் தேய்த்துவிட்டார். கை முரடு. வலித்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஐந்தே கால் பஸ். தூறல் போல நாலு சொட்டு, அதோடு சரி.

ஷிஃப்ட் முழுவதும் ஸ்டூலில். சிஸ்டர் நோட்டிலும் எழுதி, டேப்லெட்டிலும் போட்டார். இரட்டை வேலை. எட்டு பேர் எடையும் இரண்டிலும் ஒன்று. பிரஷர் போடும்போது விரல் டேப்லெட் ஓரத்தில் தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டவில்லை. ஒருமுறை பட்டியல் நகர்ந்தது, அவர் விரல் நின்றது, பிறகு போனது. என்னைப் பார்க்கவில்லை.

தனபாக்கியம் அம்மா அதே மூன்றாம் படுக்கை. கன்னம் ஒட்டியிருந்தது. நானாகப் போகத் தைரியம் இல்லை. அவரே கையசைத்துக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீதான் அந்தப் பலகையைச் செஞ்சவ. காட்டு."

டேப்லெட்டை வாங்கிவந்து, என் போனில் பழைய ஆப்பையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் காட்டினேன். பழையதில் அவர் பெயர் இருந்த இடத்தில் இல்லாமல் அடுத்த இடத்தில் இருந்தது. கண் சிமிட்டும் நேரம் கூட இல்லை. மறுபடி காட்டச் சொன்னார். மறுபடி. ஊசி ஏறாத கையால் போனைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"யார் இப்படி வச்சது?"

சிஸ்டர் இரண்டு படுக்கை தள்ளி நின்றிருந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"நான்தாம்மா" என்றேன்.

தனபாக்கியம் அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். பிறகு தலை இறங்கிக் கிடக்கு, தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வை என்றார். குழாய் இழுபடாமல், கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, மெதுவாக ஏற்றி வைத்தேன்.